சிவப்புக் கோட்டின் உள்பக்கம்: பழைய ராணுவ அதிகாரிகளின் சீருடையை எப்படிப் படிப்பது?

ஏலப் பட்டியலில் இரண்டு சிவப்புக் கோட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டும் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரியுடையவை என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் ஜரிகை, இரண்டிலும் பொன்முலாம் பூசிய பொத்தான்கள். ஒன்று புதுசு போலப் பளபளக்கிறது. இன்னொன்றில் ஜரிகை கறுத்திருக்கிறது, அக்குளில் உள்துணி நைந்திருக்கிறது, தோளில் எதையோ பிரித்தெடுத்த தையல் துளைகள் தெரிகின்றன. விலை போவது கறுத்த கோட்டுதான், அதுவும் பல மடங்கு. பழைய சீருடைச் சேகரிப்பைப் பற்றிக் கேள்விப்படும் பலருக்கும் முதல் குழப்பம் இங்கேதான் வருகிறது.

இதற்கு விடை கோட்டின் அழகில் கிடைக்காது. அந்தக் கோட்டுக்கு யார் காசு கொடுத்தார் என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்கினால், மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

யார் காசு?

பிரிட்டிஷ் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய்க்குச் சீருடை படை வழியாக வந்தது. மொத்தமாகத் தைத்து, மொத்தமாக வழங்கினார்கள். அதிகாரிக்கு அப்படி இல்லை. அவர் தன் சொந்தப் பணத்தில், தனக்குப் பிடித்த தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார். பதவியையே விலை கொடுத்து வாங்கிய காலம் அது. 1821இல் நிர்ணயித்த விலைப்படி காலாட்படையில் கடைநிலை அதிகாரியான என்சைன் பதவிக்கு 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுண்டு. இந்த வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது. சீருடைச் செலவு அதற்கு மேல். 11ஆம் ஹுஸார் குதிரைப்படையை நடத்திய கார்டிகன் பிரபு, தன் படையின் உடை மிடுக்குக்காகவே ஆண்டுக்கு 10,000 பவுண்டு சொந்தப் பணம் செலவழித்தார் என்று சொல்லப்படுகிறது.

என்ன உடை என்பதை அரசு சொன்னது. அதற்கான உடை விதிகளை அவ்வப்போது அச்சிட்டு வெளியிட்டது. எப்படித் தைப்பது, எவ்வளவு உயர்ந்த துணி, உள்துணி பட்டா பருத்தியா என்பதெல்லாம் அதிகாரியின் பணப்பையைப் பொறுத்தது. இதிலிருந்து நான்கு விளைவுகள் பிறக்கின்றன.

1. கோட்டு அதிகாரியின் சொத்து. பணி முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போனார். பெட்டியில் வைத்தார், பிள்ளைகளுக்கு விட்டுப்போனார். சிப்பாயின் கோட்டு நைந்து கந்தலாகிப் போனது. அதனால்தான், எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்த அதிகாரிகளின் உடைகள் இன்று அதிகமாகக் கிடைக்கின்றன. எண்ணிக்கையில் மிகுந்த சிப்பாயின் உடை அரிதாகிவிட்டது.

2. ஒரே ரெஜிமெண்டின் (படைப்பிரிவின்) இரண்டு அதிகாரிக் கோட்டுகள்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. விதியிலிருந்து சற்று விலகியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டக் கூடாது.

3. தையல்காரரின் சீட்டு உள்ளே இருக்கும். பின்னாளையக் கோட்டுகளில் அதிகாரியின் பெயரும் தேதியும்கூட மையால் எழுதியிருக்கும். கழுத்துக்குக் கீழே, உள்பைக்குள், சில சமயம் கை உள்துணியில் தேட வேண்டும்.

4. சொந்தக் காசு என்பதால், பதவி உயர்ந்தாலோ விதி மாறினாலோ உடனே புதுக் கோட்டு தைக்காமல் பழையதையே மாற்றித் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த மாற்றங்களின் தழும்பு கோட்டில் இருக்கும்.

நான்காவதுதான் முக்கியம். முதலில் சொன்ன கறுத்த கோட்டின் தோளில் இருந்த தையல் துளைகள் அந்த வகைத் தழும்பாக இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்தவர் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்.

தப்பிப் பிழைத்தவை எவை?

கடைகளிலும் ஏலங்களிலும் கிடைப்பவற்றில் பெரும்பகுதி 1881க்கும் 1914க்கும் இடைப்பட்ட முழு அலங்காரச் சீருடை. காரணம் எளிது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியதும் அந்த உடைகள் பெட்டிக்குள் போயின. போருக்குப் பின் அரச மெய்க்காவல் படைகளுக்கும் இசைக்குழுக்களுக்கும் மட்டுமே மீண்டன. மற்றவர்களின் கோட்டுகள் அதிகம் தேயாமல் அப்படியே தங்கிவிட்டன. நாடக உடை வாடகைக் கடைகள் அவற்றை அள்ளி வாங்கின. இது சேகரிப்பவருக்குத் தலைவலி. நாடகக் கடையில் ஒரு கோட்டின் பொத்தான் விழுந்தால் வேறு ரெஜிமெண்டின் பொத்தானை வைத்துத் தைத்துவிடுவார்கள்.

1855க்கு முந்தையவை குறைவு. நெப்போலியன் போர்க்காலத்தவை மிக மிக அரிது. எந்தக் காலமானாலும் போர்க்களத்தில் அணிந்த உடை எளிதில் கிடைக்காது, அது அணிந்தவரோடு சேர்ந்து அழிந்தது. தங்கியவற்றில் பல சின்ன அளவாக இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தக் கால மனிதர்கள் எல்லாரும் குள்ளம் என்று முடிவு செய்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயதில் தைத்து, ஓரிரு வருடத்தில் உடம்பு பெருத்து, போட முடியாமல் போன கோட்டுதான் தேயாமல் மிஞ்சும். இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காலத்தைக் கண்டுபிடிக்கும் அடையாளங்கள்

காலாட்படை அதிகாரிக் கோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். பீரங்கிப் படைக்கு நீலம், ரைஃபிள் படைக்குக் கரும்பச்சை. அவற்றின் கணக்கு வேறு.

1. பொத்தானில் எண் இருக்கிறதா? 1767 முதல் ரெஜிமெண்டின் எண் பொத்தானில் வந்தது. 1881 சீர்திருத்தத்தில் எண்கள் போய் வட்டாரப் பெயர்கள் வந்தன. எண் உள்ள பொத்தான் என்றால், பெரும்பாலும் 1881க்கு முந்தையது.

2. ஜரிகை தங்கமா வெள்ளியா? 1830க்கு முன் ரெஜிமெண்டுக்கு ஒரு நிறம். அந்த ஆண்டு நான்காம் வில்லியம் மன்னர் நிரந்தரப் படைக்கெல்லாம் தங்கம் என்று ஆணையிட்டார், வெள்ளி மிலிஷியா என்ற உள்நாட்டுத் துணைப்படைக்கு ஒதுங்கியது. விக்டோரியா காலத்து வெள்ளி ஜரிகைக் கோட்டு ஒன்றை 'அரிய ரெஜிமெண்ட்' என்று யாராவது விற்றால், அது மிலிஷியா அல்லது தொண்டர் படையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. வால் இருக்கிறதா? பின்னால் வால் தொங்கும் குட்டைக் கோட்டான கோட்டீ 1855 வரை. அதன் பிறகு சுற்றிலும் மடிப்புப் பாவாடை போல் இறங்கும் டியூனிக். தோளில் குஞ்சம் தொங்கும் எபாலெட்டும் அதே 1855இல் போயிற்று.

4. பதவிச் சின்னம் எங்கே? டியூனிக் வந்த பிறகு கிரீடமும் நட்சத்திரமும் காலரில் இருந்தன. 1880இல் தோளுக்கு ஏறின. அப்போதிலிருந்து 1902 வரை கேப்டனுக்கு இரண்டு நட்சத்திரம், லெப்டினன்டுக்கு ஒன்று, செகண்ட் லெப்டினன்டுக்கு எதுவுமில்லை. 1902இல் ஆளுக்கு ஒன்று கூடியது. இரண்டு நட்சத்திரத்தைப் பார்த்ததும் லெப்டினன்ட் என்று எழுதிவிடுகிறார்கள். 1890களின் கோட்டில் அது கேப்டன்.

5. காலர், மணிக்கட்டின் நிறம். இதை ஃபேசிங் என்பார்கள். 1881 வரை ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் மாறும். அந்த ஆண்டு எல்லாவற்றையும் ஒடுக்கி, அரச ரெஜிமெண்டுகளுக்கு நீலம், இங்கிலாந்து வேல்ஸுக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை என்று வைத்தார்கள். பின்னாளில் சில ரெஜிமெண்டுகள் தங்கள் பழைய நிறத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

6. கிரீடத்தின் வடிவம். 1901க்குப் பின் வந்த மன்னர்கள் காலத்தில் கிரீடத்தின் வளைவுகள் மேலே குவிந்திருக்கும். விக்டோரியா காலத்திலும், 1952க்குப் பின் இரண்டாம் எலிசபெத் காலத்திலும் நடுவில் தாழ்ந்திருக்கும். புதிதாகச் சேகரிப்பவர்கள் 1960களின் பொத்தானை விக்டோரியா பொத்தான் என்று வாங்கி ஏமாறுவது இதனால்தான். எடை தூக்கிப் பாருங்கள். 1950களுக்குப் பின் வந்த அலுமினியப் பொத்தான் கனமே இருக்காது.

துணியும் சாயமும் ஜரிகையும்

அதிகாரியின் சிவப்பும் சிப்பாயின் சிவப்பும் நீண்ட காலம் ஒரே சிவப்பு இல்லை. சிப்பாய்க்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் எடுத்த சாயம். அது செங்கல் சாயலில் மங்கலாக இருக்கும். அதிகாரிக்கு கொச்சினீல். மெக்ஸிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சாயம் அது. வெள்ளீய உப்பைச் சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் பளீர்ச் சிவப்பான ஸ்கார்லெட் கிடைக்கும். விலை மிக அதிகம், வியாபாரமோ ஸ்பெயினின் கையில். அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், நம் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு இந்தப் பூச்சியை வளர்க்கப் பார்த்தார். இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது காட்டு இனப் பூச்சி. நல்ல சாயம் கிடைக்கவில்லை, கள்ளிதான் அழிந்தது.

துணியும் பேசும். அந்தக் காலத்து உயர்தரக் கம்பளித் துணியை நெய்தபின் நனைத்து அடித்து இறுக்குவார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடுவதால் வெட்டிய விளிம்பு பிரியாது. பழைய கோட்டுகளில் விளிம்பை மடிக்காமல், வெட்டியபடியே விட்டிருப்பார்கள். 1815 என்று சொல்லப்படும் கோட்டில் விளிம்பு எல்லாம் மடித்துத் தைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஜரிகையைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. பழைய பட்டுப்புடவையில் இருக்கும் அதே தொழில்நுட்பம்: நடுவில் பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்கப் பூச்சு. காஞ்சிபுரத்தில் நடுநூல் சிவப்பு, பிரிட்டிஷ் ராணுவ ஜரிகையில் பெரும்பாலும் மஞ்சள். உள்ளே வெள்ளி இருப்பதால் காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து நாளடைவில் கறுக்கும். கறுத்த ஜரிகை உண்மையான ஜரிகைக்கு ஒரு நல்ல சாட்சி. நூறாண்டுக்கு மேல் ஆகியும் மஞ்சளாகவே மின்னினால், ஒன்று அபூர்வமாகப் பாதுகாத்திருக்கிறார்கள், அல்லது அது 1940களுக்குப் பின் வந்த பிளாஸ்டிக் பூச்சு இழை.

ஆனால் கை எம்பிராய்டரி இருக்கிறது என்பதால் மட்டும் பழையது என்று நம்ப வேண்டாம். பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் நம் வாரணாசியிலும் இன்றும் இதே முறையில் கையால் ராணுவச் சின்னங்களைத் தைத்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். மிக அருமையான வேலை. அந்தக் கைவினைஞர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அதைப் பழைய துணியில் ஒட்டுப்போட்டு விற்பவர்தான் ஏமாற்றுகிறார்.

போலியும் கலப்பும்

முழுக்க முழுக்கப் போலியாகத் தைத்த கோட்டு குறைவு. ஒரு நல்ல கோட்டைத் தைக்க ஆகும் செலவே அதிகம். அதிகம் நடப்பது கலப்பு: உண்மையான ஒரு சாதாரணக் கோட்டை எடுத்து, அதில் புகழ்பெற்ற ரெஜிமெண்டின் பொத்தானையும் சின்னத்தையும் மாற்றி வைப்பது. நாஜி ஜெர்மனியின் உடைகளில் மட்டும் நிலை வேறு. தேவை அதிகம் என்பதால் முழுப் போலிகளும் ஏராளம். புதிதாக வருபவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஜெர்மனியில் அந்தச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதே குற்றம். அதைத் தாண்டி, அந்தச் சின்னத்தின் கீழ் நடந்த கொலைகளை ஒதுக்கிவிட்டு அந்த உடையை ரசிக்க முடியாது.

கலப்பைக் கண்டுபிடிக்கச் சில வழிகள்:

1. தையல். எலியாஸ் ஹோவின் தையல் இயந்திரக் காப்புரிமை 1846, சிங்கருடையது 1851. அதற்கு முந்தைய கோட்டில் இயந்திரத் தையல் இருந்தால், குறைந்தபட்சம் அந்த இடத்தைப் பின்னாளில் தொட்டிருக்கிறார்கள்.

2. புற ஊதா விளக்கு. இருட்டறையில் அடித்துப் பாருங்கள். இன்றைய சலவைத்தூளிலும் துணியிலும் இருக்கும் வெண்மையூட்டி நீலமாக ஒளிரும். பல செயற்கை நூல்களும் அப்படித்தான். பழைய துணி மங்கலாக இருக்க, ஒரு சின்னத்தைச் சுற்றியுள்ள நூல் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். ஒளிராவிட்டால் பழையது என்று அர்த்தமில்லை, பழைய நூலைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

3. நிழல். நூறு வருடம் ஜரிகைக்கு அடியில் இருந்த துணி வெளுக்காது. சின்னத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கினால் அடியில் அடர்ந்த நிறம் அதே வடிவத்தில் தெரிய வேண்டும். வடிவம் வேறாக இருந்தால் அங்கே முன்பு வேறு சின்னம் இருந்திருக்கிறது.

சரி, வேறு சின்னம் இருந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உடனே தள்ளிவிடலாமா? கூடாது. 1902இல் நட்சத்திரம் கூடியபோது அதிகாரி தானே மாற்றிய துளையா, போன வருடம் வியாபாரி மாற்றிய துளையா என்று பிரித்தறிய வேண்டும். அந்தக் காலத்து மாற்றம் என்றால் நூலும், அழுக்கும், துளையின் தேய்மானமும் கோட்டின் மற்ற இடங்களோடு ஒத்துப்போகும். இந்த ஒரு பிரித்தறிதலைக் கற்க வருடங்கள் ஆகும். அருங்காட்சியகங்களில் ஐயமற்ற உண்மைப் பொருளைப் பலமுறை பார்த்துக் கண்ணைப் பழக்குவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. சென்னைக்காரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் காலத்து ராணுவ உடைகளும் பதக்கங்களும் காட்சிக்கு உண்டு.

பெயர் கிடைத்தால்

உள்பையில் ஒரு பெயரும் தேதியும் கிடைத்தால் கோட்டின் நிலையே மாறிவிடும். பிரிட்டிஷ் ராணுவம் தன் அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அச்சிட்டு வந்தது. யார், எந்த ரெஜிமெண்ட், எந்தத் தேதியில் எந்தப் பதவி என்று அதில் இருக்கும். பணி ஆவணங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மதராஸ் படை உட்பட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெயரையும், கோட்டில் உள்ள பதவிச் சின்னத்தையும், தையல்காரர் எழுதிய தேதியையும் பட்டியலோடு ஒப்பிட்டு, மூன்றும் பொருந்தினால்தான் நம்பலாம்.

இதற்கு உச்ச உதாரணம் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கும், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கோட்டு. 1805 டிரஃபால்கர் கடற்போரில் அவர் சுடப்பட்டு இறந்தபோது அணிந்திருந்தது. இடது தோளில், எபாலெட்டுக்கு அருகே குண்டு துளைத்த ஓட்டை. மார்பில் நான்கு விருதுச் சின்னங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறினாற்போல் தைத்திருக்கும். ஏற்கெனவே வலக்கையை இழந்தவர் என்பதால், கோட்டின் வெறும் வலது கைப்பகுதியை மார்புப் பொத்தானில் மாட்ட ஒரு சின்ன வளையம் உண்டு. அவர் உடலிலிருந்து மருத்துவர் எடுத்த குண்டு வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது, அதில் எபாலெட்டின் தங்க இழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டு நெல்சனின் காதலி எம்மா ஹாமில்டனிடம் இருந்து கைமாறி, 1845இல் விக்டோரியாவின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டிடம் வந்தது. 150 பவுண்டு கொடுத்து வாங்கிக் கிரீனிச்சுக்குக் கொடுத்தார். உடல், குண்டு, கோட்டு, கைமாறிய வரலாறு என நான்கும் ஒன்றை ஒன்று உறுதி செய்கின்றன. இந்தக் கோட்டை யாராவது 'சுத்தம்' செய்து, ஓட்டையை இழையோட்டி மூடியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

இந்தியாவில் சட்டம்

நூறாண்டுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொழிலாக விற்க உரிமம் வேண்டும். 1914க்கு முந்தைய கோட்டு எல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன என்பதை நினைவில் வையுங்கள். அப்புறம், இன்றைய ராணுவ உடையோடு இதைக் குழப்பக் கூடாது. தன்னைச் சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தில் ராணுவ உடை அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 168இன்படி மூன்று மாதம் வரை சிறை உண்டு.

நம் ஊர் வெயிலில், ஈரத்தில்

கம்பளி, பட்டு, வெள்ளி மூன்றுக்கும் கடலோர ஊரின் காற்று ஆகாது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், ஈரம் பூஞ்சை பிடிக்க வைக்கும், வெளிச்சம் சாயத்தை வெளுக்கும். அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் அளவே வெளிச்சம் விடுவது இதனால்தான்.

புதிதாக வாங்கிய கோட்டை மற்றவற்றோடு சேர்க்கும் முன் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் துணி வியர்க்கும். உலோக எபாலெட் உள்ள கோட்டை ஹேங்கரில் தொங்கவிட்டால் கனம் தாங்காமல் தோள் கிழியும். பெட்டியில் படுக்கப்போட்டு, மடிப்பு விழும் இடங்களில் அமிலமில்லாத தாளையோ, கஞ்சி போகத் துவைத்த கோரா துணியையோ சுருட்டி வையுங்கள். அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. டிரை கிளீனிங், பித்தளை பாலிஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். ஜரிகையைத் தேய்த்தால் கறுப்போடு தங்கப் பூச்சும் போய்விடும், அது திரும்ப வராது.

கோட்டோடு வந்த தையல் ரசீது, கடிதம், பெட்டியின் தகரப் பெயர்ப்பலகை எதையும் தனியாகப் பிரித்து விற்காதீர்கள். யாரிடம், எப்போது, என்ன சொல்லி வாங்கினீர்கள் என்பதைப் பென்சிலால் ஒரு பருத்தி நாடாவில் எழுதிப் பொத்தானில் தளர்வாகக் கட்டி வையுங்கள். துணியில் ஊசி இறங்க வேண்டாம்.